வெட்டி எடுத்த கட்டி வீண் பொருளா?

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



இன்று புற்றுநோயைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி என்னைக் கேட்டுக் கொண்டிருக்கிறார்கள். இந்த நோயின் பெயரைச் சொன்னாலே நம் ஜனங்களில் அநேகர் முகத்தைத் திருப்பிக் கொள்ளுவார்கள். வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால் வெளியில் சொல்ல வெட்கப்படுகிறவர்கள் உண்டு. தலையெழுத்து என்று சொல்லிக் கையைக் கட்டிக் கொள்ளுகிறவர்களும் உண்டு. முன் ஜென்மத்தில் செய்த பாவம் என்று சொல்லி, வலியால் துடிக்கிற நோயாளியையே குற்றவாளியாக்கிவிடுகிறவர்களும் உண்டு. இவற்றையெல்லாம் கண்டித்துப் பேசுவது சுலபம். ஆனால், தலையெழுத்து இல்லை என்று சொல்லிவிட்டால் மாத்திரம் போதுமா? "அப்படியானால் நிஜமான காரணம் என்ன? யாருக்கு எந்த மருந்து பிடிக்கும்? யாருக்குப் பிடிக்காது? அதை எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று ஒருவர் திருப்பிக் கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா?

அந்தப் பதில்களில் பெரும்பாகம் எங்கே இருக்கிறதென்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். அவை புத்தகங்களில் இருப்பதைவிட, நோயாளிகளிடமிருந்து வெட்டி எடுத்து, மெழுகில் பதித்து, நம்பர் போட்டு, அலமாரிகளில் அடுக்கி வைத்திருக்கும் கட்டிகளில்தான் அதிகமாக இருக்கின்றன. அந்தக் கட்டி வீண் பொருளா, விலையுள்ள பொருளா? அதில் நமக்குள்ள பாத்தியதை என்ன? இதுதான் இன்றைய விஷயம். நான் சொல்லுவதை நான் சொல்லுகிறேன் என்பதற்காக ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. கேட்டுப் பாருங்கள், உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள், படாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

கட்டி எங்கே போகிறது?

ரணசிகிச்சை செய்து எடுத்த கட்டியைக் குப்பையில் போட்டுவிடுவார்கள் என்றுதான் நம்மில் அநேகர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். ஒழுங்கான ஆஸ்பத்திரியில் அப்படிச் செய்வதில்லை. முதலில் அதைப் பார்மலின் என்ற மருந்து நீரில் போடுகிறார்கள். இந்த வழக்கத்துக்கு மூலகாரணமாயிருந்தவர் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்திலிருந்த பெர்டினாண்ட் புளூம் என்ற டாக்டர். அவர் இந்த மருந்து கிருமியைக் கொல்லுமா என்று சோதித்துக் கொண்டிருந்தபோது, மருந்து பட்ட தமது விரலின் தோல் கெட்டியாகி விறைத்துப் போனதைக் கண்டார். வேறொருவராயிருந்தால் கையைக் கழுவிக் கொண்டு போயிருப்பார். இவரோ, "தோலை இப்படிச் செய்கிற மருந்து, வெட்டி எடுத்த தசையையும் அழுகாமல் கெட்டிப்படுத்துமல்லவா?" என்று யோசித்தார். 1893-ம் வருஷத்தில் அதை வெளியிட்டார். இன்றைக்கும் உலகமெங்கும் அந்த வழக்கமே நடக்கிறது.

பார்மலினில் ஊறிய தசையிலிருந்து சாராயத்தைக் கொண்டு தண்ணீரை வாங்கி, பிறகு சாராயத்தையும் நீக்கிவிட்டு, உருக்கிய மெழுகை உள்ளே புகவிட்டு ஆற வைக்கிறார்கள். அது தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு துண்டாகிவிடுகிறது. ஆஸ்பத்திரிக்காரர்கள் இதை 'பிளாக்' என்று சொல்லுகிறார்கள். நானும் அப்படியே சொல்லுகிறேன். அதிலிருந்து, ஒரு மில்லிமீட்டரை 1000 பங்காக்கினால் 3, 4 பங்கு கனமே இருக்கும்படியான ஏடுகளைச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றி, பூதக்கண்ணாடியில் பார்த்து, "இது புற்றுநோய்தான்" என்றோ, "அல்ல" என்றோ எழுதுகிறார்கள். அதற்குச் சில ஏடுகளே போதும். மிச்சமுள்ள பிளாக் அப்படியே அலமாரிக்குப் போகிறது. அமெரிக்க நோய்க்குறி வைத்தியர்கள் கல்லூரியின் விதிப்படி அதை 10 வருஷமாவது பத்திரப்படுத்த வேண்டும். அநேக இடங்களில் அதற்கு மேலும் வைத்திருக்கிறார்கள்.

இந்தச் சேமிப்பு எவ்வளவு பெரிதாகக் கூடும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லுகிறேன். அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் நடந்து கொண்டிருந்த 1862-ல், ராணுவத் தலைமை வைத்தியரான வில்லியம் ஹாமண்ட், காயம்பட்டவர்களுடைய உடல் துண்டுகளைச் சேகரித்து வைக்கும்படி ஏற்பாடு செய்தார். அதன் வழியாக வளர்ந்த களஞ்சியம் இப்போது வாஷிங்டனுக்கு அருகில் மேரிலாந்து மாகாணத்தில் இருக்கிறது. அதில் சுமார் 3 கோடியே 10 லட்சம் மெழுகு பிளாக்குகளும், 5 கோடியே 50 லட்சம் கண்ணாடி ஸ்லைடுகளும் இருக்கின்றன. மெழுகு எத்தனை காலம் தாங்கும் என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு சங்கதி: 1918-ல் விஷ ஜுரத்தால் செத்த ஒரு போர்வீரனுடைய நுரையீரல் துண்டு இந்தக் களஞ்சியத்தில் மெழுகில் கிடந்தது. அதிலிருந்து அந்த ஜுரத்தின் வைரஸ் துணுக்குகளை டாக்டர் டாபன்பெர்கரும் அவருடைய கூட்டாளிகளும் 1997-ல் எடுத்துப் படித்துவிட்டார்கள். 79 வருஷம் வாய் திறவாதிருந்த சாட்சி வாய் திறந்தது!

கேள்வி பிறப்பதற்கு முன்னமே விடை

இனி விஷயத்துக்கு வருவோம். ஸ்திரீகளுக்கு மார்பில் வருகிற புற்றுநோயை எடுத்துக் கொள்ளுங்கள். கட்டியை அறுத்து எடுத்தாகிவிட்டது. அக்குளிலுள்ள நெறிகளுக்குப் பரவவில்லை. ஆனாலும் கண்ணுக்குத் தெரியாமல் எங்கேனும் ஒரு துளி போய் ஒளிந்திருந்தால்? அதற்காக வீரியமுள்ள விஷ மருந்துகளை ரத்தத்தில் ஏற்றுகிறார்கள். மயிர் உதிர்கிறது, வாந்தி வருகிறது, ரத்தம் குறைகிறது, வேலைக்குப் போக முடிவதில்லை, ஏழைக் குடும்பமானால் நிலமோ நகையோ கையைவிட்டுப் போகிறது. இந்தக் கஷ்டம் எல்லாருக்கும் அவசியமா என்றால், அவசியமில்லை. இப்படிப்பட்ட ஆரம்ப நிலையில், சிலவகைக் கட்டியுள்ள ஸ்திரீகளில் பெரும்பாலோர் அந்த மருந்து இல்லாமலேயே பிழைத்துக் கொள்ளக் கூடியவர்கள். ஆனால், அந்தப் பெரும்பாலோர் இன்னின்னார் என்று யாருக்குத் தெரியும்? தெரியாத காரணத்தால் அநேகருக்குக் கொடுத்துக் கொண்டிருந்தார்கள்.

அமெரிக்காவில் 1982 முதல் 1988 வரை ஒரு பெரிய பரிசோதனைக்கு ஸ்திரீகளைச் சேர்த்தார்கள். ஹார்மோனால் வளரும் மார்புக் கட்டியுள்ள ஸ்திரீகளில் ஒரு பாதிப் பேருக்கு டாமாக்சிபன் என்ற மாத்திரையும், மற்றப் பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையும் கொடுத்து, யாருக்கு நோய் திரும்பி வருகிறது என்று வருஷக்கணக்காகக் கவனித்தார்கள். அந்தக் கேள்விக்கு விடையும் கிடைத்தது. மாத்திரை நல்லதென்று ஏற்பட்டது. அதோடு அந்தக் கதை முடிந்திருக்கலாம். ஆனால், அந்த ஸ்திரீகளில் பலருடைய கட்டிகள் மெழுகில் பத்திரமாயிருந்தன. அது மாத்திரமல்ல, ஒவ்வொருவரும் பிறகு என்னவானார் என்கிற கணக்கும் அந்தந்த நம்பருக்கு நேராக எழுதப்பட்டிருந்தது.

இங்கே கொஞ்சம் யோசியுங்கள். 1982-ல் அந்தப் பிளாக்கை அலமாரியில் வைத்த மனிதருக்கு அது எதற்கு உதவும் என்று தெரியுமா? தெரிந்திருக்க நியாயமில்லை. உயிரணுவின் மரபுச் சரக்கில் ஒரு துணுக்கைக் கோடிக்கணக்காகப் பெருக்கிப் பார்க்கும் முறையே 1983-ல்தான் காரி மல்லிஸ் என்பவருடைய மூளையில் உதித்தது. மனிதனுடைய மரபு எழுத்து முழுவதையும் படித்து முடித்ததாக 2003-ல்தான் அறிவித்தார்கள். ஆகவே, கேள்வியும் பிறக்கவில்லை, கேட்கிற கருவியும் பிறக்கவில்லை. விடை மாத்திரம் அலமாரியில் காத்துக் கொண்டிருந்தது.

2004-ல் வெளியான ஓர் ஆராய்ச்சிக்காக அந்தப் பிளாக்குகளை எடுத்தார்கள். டாமாக்சிபன் சாப்பிட்ட ஸ்திரீகளில் 668 பேருடைய கட்டிகளில் 21 மரபணுக்களின் வேகத்தை அளந்தார்கள். அளவைக் கொண்டு மூன்று வகுப்பாகப் பிரித்தார்கள். பிறகு பழைய கணக்குப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார்கள். குறைந்த அளவுள்ளவர்கள் நூற்றுக்கு 51 பேர். அவர்களில் 10 வருஷத்துக்குள் தூரத்து உறுப்புகளில் நோய் திரும்பியது நூற்றுக்கு 7 பேருக்கும் குறைவு. அதிக அளவுள்ளவர்கள் நூற்றுக்கு 27 பேர். அவர்களில் நோய் திரும்பியது நூற்றுக்கு 30 பேருக்கும் மேல். ஒரே நோய், ஒரே மருந்து. கண்ணுக்கு ஒரே மாதிரியான கட்டி. ஆனால் உள்ளுக்குள் இவ்வளவு வித்தியாசம்! 2006-ல் இன்னொரு பழைய பரிசோதனையிலிருந்த 651 ஸ்திரீகளின் பிளாக்குகளை இதேபோல் பார்த்தபோது, அதிக அளவுள்ளவர்களுக்கு விஷ மருந்து வெகுவாக உதவியதென்றும், குறைந்த அளவுள்ளவர்களுக்கு அதனால் பலன் இருப்பதாகவே தெரியவில்லை என்றும் கண்டார்கள்.

ஜோசியமும் ஆராய்ச்சியும்

"நடந்து முடிந்த காரியத்தை எடுத்து வைத்துக் கொண்டு, பொருத்தம் பார்த்துச் சொல்லுவது ஒரு சாமர்த்தியமா? நம் ஊர் ஜோசியன்கூடத்தான் மனிதன் செத்த பிறகு, அஷ்டமத்தில் சனி இருந்தது என்று ஜாதகத்தில் காட்டுகிறான்" என்று உங்களில் யாராவது கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இதற்குப் பதில் தெரியாதவன் விஞ்ஞானம் என்ற பெயரைச் சொல்லி நம்மை ஏமாற்றக் கூடும். ஆகையால் வித்தியாசத்தைக் கவனியுங்கள்.

ஜோசியன் முதலில் முடிவைத் தெரிந்து கொள்ளுகிறான். பிறகு அதற்குத் தக்கபடி கிரகத்தைத் தேடுகிறான். ஒன்பது கிரகமும் பன்னிரண்டு வீடும் இருக்கிறபோது ஏதாவது ஒன்று அகப்படாமலா போகும்? இந்த ஆராய்ச்சிக்காரர்களோ முதலில் வேறு 447 நோயாளிகளின் கட்டிகளில் 250 மரபணுக்களைப் பார்த்து, அவற்றிலிருந்து 21-ஐப் பொறுக்கினார்கள். எந்த மரபணுவுக்கு எவ்வளவு கணக்கு, எந்த எண் வரை குறைவு, எந்த எண்ணுக்கு மேல் அதிகம் என்பதையெல்லாம் முன்கூட்டியே எழுதி முடிவு செய்து கொண்டார்கள். அதன் பிறகே, தாங்கள் அதுவரை தொடாத 668 பிளாக்குகளை எடுத்து அளந்தார்கள். எழுதினபடி நடக்காமல் போயிருந்தால் அவர்களுடைய கணக்குப் பொய்யென்று உலகத்துக்குத் தெரிந்திருக்கும். தன் வாக்குப் பொய்யாவதற்கு இடங்கொடுத்துச் சோதனைக்கு நிற்கிறவன் ஆராய்ச்சிக்காரன். எது நடந்தாலும் தன் வாக்குப் பலித்ததாகவே சொல்லிக் கொள்ளுகிறவன் ஜோசியன்.

இவ்வளவும் செய்த பிறகும் அவர்கள் திருப்தியடைந்துவிடவில்லை. பழைய கட்டியில் கண்டது புது நோயாளிக்கும் பொருந்துமா என்று பார்க்க, 2006 முதல் 2010 வரை 10,273 ஸ்திரீகளைச் சேர்த்து நேரடியாகவே பரிசோதித்தார்கள். நடுத்தர அளவுள்ள 6,711 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஹார்மோன் மருந்து மாத்திரமும், மற்றப் பாதிக்கு அதோடு விஷ மருந்தும் கொடுத்தார்கள். 2018-ல் முடிவு வெளியாயிற்று. 9 வருஷம் கழித்து உயிரோடிருந்தவர்கள், முதல் கூட்டத்தில் நூற்றுக்கு 93.9, இரண்டாவது கூட்டத்தில் நூற்றுக்கு 93.8. அதாவது, வித்தியாசமே இல்லை. 50 வயதும் அதற்குக் குறைவும் உள்ளவர்களில் சிலருக்கு மாத்திரம் விஷ மருந்தால் கொஞ்சம் நன்மை இருக்கிறதென்று கண்டு, அதையும் மறைக்காமல் எழுதினார்கள்.

தாய்மார்களே! இந்த எண்களுக்குப் பின்னால் உங்களைப் போன்ற ஸ்திரீகள் இருக்கிறார்கள். அவர்கள் இன்று மயிர் உதிராமல், வாந்தியெடுக்காமல், குழந்தைகளையும் வேலையையும் பார்த்துக் கொண்டு சுகமாயிருக்கிறார்கள் என்றால், 1982-ல் யாரோ ஒருத்தியுடைய கட்டியை யாரோ ஒரு சிப்பந்தி நம்பரை மாற்றாமல் ஒட்டி வைத்ததும் அதற்கு ஒரு காரணமாகும்.

காரணம் அகப்பட்ட விதம்

இன்னொரு விஷயம். கருப்பை வாயில் வருகிற புற்றுநோய்க்குக் காரணம் என்ன? நடத்தை சரியில்லை என்று பழி போட்டவர்களும், சாபம் என்று சொன்னவர்களும் உலகமெங்கும் இருந்தார்கள். ஜெர்மனியில் ஹரால்ட் சூர் ஹௌசன் என்ற பேராசிரியரும் அவருடைய கூட்டத்தாரும், நோயாளிகளிடமிருந்து வெட்டியெடுத்த கட்டித் துண்டுகளில் தேடி, 1983-ல் ஒரு பாப்பிலோமா வைரஸ் வகையைக் கண்டார்கள். அதற்கு 16 என்று எண். அடுத்து 18 என்ற வகையையும் கண்டார்கள். 2008-ல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். சாபமும் இல்லை, பாவமும் இல்லை; இது வெகு சாதாரணமாக எல்லோருக்கும் தொற்றக் கூடிய ஒரு வைரஸ் என்று ஏற்பட்டது.

ஆனால், ஒரு ஊரில் கண்டது உலகமெல்லாம் உண்மையா? அதற்கும் அலமாரிகளே பதில் சொல்லின. 38 நாடுகளில், 1949 முதல் 2009 வரை நோய் கண்ட ஸ்திரீகளுடைய 10,575 மெழுகு பிளாக்குகளை ஒன்றுசேர்த்து ஒரே முறையில் சோதித்து 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 85 கட்டிகளில் அந்த வைரஸ் அகப்பட்டது. அப்படி அகப்பட்டவற்றில் நூற்றுக்கு 71, 16-ம் வகையும் 18-ம் வகையுமே. இந்த நோயைத் தடுக்கிற ஊசி 2006-ல் வந்தபோது அவ்விரண்டு வகைகளையும் அதில் ஏன் சேர்த்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு ருசு வேண்டுமா? செத்துப் போன ஸ்திரீகளின் கட்டிகள், இனிமேல் பிறக்கப் போகிற பெண்களின் உயிரைக் காக்கச் சாட்சி சொல்லுகின்றன.

வேறொரு பரிசோதனைக்காக எடுத்து மிஞ்சிப்போன துண்டுகூட வீண் போகாது. அமெரிக்காவில் சான் அன்டோனியோ நகரத்தில் வில்லியம் மக்கைர் என்ற டாக்டர், ஹார்மோன் சோதனைக்கு வந்த மார்புக் கட்டிகளில் மிச்சமானதை உறைய வைத்துச் சேர்த்து வந்தார். டென்னிஸ் ஸ்லாமன் என்ற டாக்டரும் அவரும் சேர்ந்து 189 கட்டிகளைப் பார்த்து, நூற்றுக்கு 30 கட்டிகளில் ஹெர்-2 என்ற மரபணு அளவுக்கு மீறிப் பெருகியிருப்பதையும், அவர்களுக்கே நோய் சீக்கிரம் திரும்புவதையும் 1987-ல் வெளியிட்டார்கள். அந்த மரபணுவின் வேலையைத் தடுக்கிற மருந்து 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மிச்சத்தைக் கொட்டியிருந்தால் இது இவ்வளவு சீக்கிரம் தெரிந்திருக்குமா?

யாருடைய தசை? யாருக்கு லாபம்?

இவ்வளவு பெருமையைச் சொல்லிவிட்டு, இதிலுள்ள அநீதியைச் சொல்லாமல் போனால் நான் பாதி உண்மையே சொன்னவனாவேன்.

இதுவரை நான் சொன்னவை மெழுகிலோ பனியிலோ வைத்த கட்டிகள். கட்டியின் உயிரணுக்களைச் சாகவிடாமல் வளர்த்துக் கொண்டே போவதும் உண்டு. 1951-ல் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரிக்கு ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பு ஸ்திரீ வந்தார். ஐந்து குழந்தைகளுக்குத் தாய். கருப்பை வாயில் புற்றுநோய். அவருடைய கட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வளர்த்தார்கள். அது ஓயாமல் வளர்ந்தது. உலகத்து ஆராய்ச்சிசாலைகளுக்கெல்லாம் போயிற்று. அதைக் கொண்டு கம்பெனிகள் பணம் சம்பாதித்தன. மேலே சொன்ன 18-ம் வகை வைரஸ் அந்த உயிரணுக்களிலும் இருந்ததென்று பிற்பாடு தெரிந்தது. ஆனால், அந்த அம்மாளை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? இல்லை. அவர் அந்த வருஷமே இறந்து போனார். குடும்பத்தாருக்கு விஷயம் தெரிந்ததே 1970-களில்தான். ஒரு கம்பெனி அந்தக் குடும்பத்தோடு ராஜியானது 2023-ல்தான்!

ஜான் மூர் என்பவருடைய வழக்கு இன்னொன்று. ரத்தப் புற்றுநோய்க்காக அவருடைய மண்ணீரலை எடுத்து, அதிலிருந்து உயிரணுக்களை வளர்த்து, டாக்டர் முதலானவர்கள் அதற்கு 1984-ல் காப்புரிமையும் வாங்கிவிட்டார்கள். அவர் வழக்காடினார். வெட்டி எடுத்த தசையில் அவருக்குச் சொத்துரிமை இல்லை என்றும், ஆனால் டாக்டர் தமக்குள்ள லாப நோக்கத்தை முன்னமே சொல்லிச் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும் என்றும் 1990-ல் கலிபோர்னியா உயர்ந்த நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியது.

இதிலிருந்து நாம் தெரிந்து கொள்ள வேண்டியது என்ன? ஆராய்ச்சி கூடாது என்பதா? ஒருக்காலும் அல்ல. ஏழை, படிக்காதவன், கறுப்பன், பெண்பிள்ளை என்று வந்தால் கேட்காமல் எடுத்துக் கொள்ளலாம் என்கிற எண்ணம் கூடாது என்பதுதான். கேட்டால் கொடுக்கக் கூடியதைக் கேளாமல் எடுப்பது, கொடுக்கிறவனை மனிதனாகவே மதிக்காததாகும். இந்தியாவிலும் இப்போது விதி இருக்கிறது. இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகளில், தசையைச் சேமிப்பதற்கும் ஆராய்ச்சிக்குக் கொடுப்பதற்கும் நோயாளியின் சம்மதம், நெறிமுறைக் குழுவின் மேற்பார்வை, பெயரை வெளியிடாமை முதலியவை சொல்லப்பட்டிருக்கின்றன. விதி காகிதத்தில் இருந்தால் போதாது. சம்மதக் காகிதத்தை நீட்டும்போது, "இதில் என்ன எழுதியிருக்கிறது? தமிழில் சொல்லுங்கள்" என்று நீங்கள் கேட்டால்தான் அந்த விதிக்கு உயிர் வரும்.

நம் கட்டி எங்கே?

அமெரிக்காவில் 2006-ல் தொடங்கிய ஒரு பெரிய முயற்சியில் 11,000-க்கு மேற்பட்ட நோயாளிகளின் கட்டிகளில், 33 வகைப் புற்றுநோய்களின் மரபு எழுத்தைப் படித்து, 2018-ல் முடித்தார்கள். உலகத்து ஆராய்ச்சிக்காரர்கள் எல்லாரும் அந்தக் கணக்கை எடுத்து உபயோகிக்கிறார்கள். ஆனால் அதற்குக் கட்டி கொடுத்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள். நம் நாட்டில் அதிகமாயிருக்கிற நோய்களில் ஒன்று எது? புகையிலை மெல்லுகிறவர்களுக்கு வாயில் வருகிற புற்று. நமது தண்ணீர், நமது சாப்பாடு, நமது பழக்கம், நமது பரம்பரை ஆகியவை வேறாயிருக்க, வெள்ளைக்காரன் கட்டியில் கண்ட அளவு நம் கட்டிக்கு அப்படியே பொருந்துமா? பொருந்தினாலும் பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். நம்முடைய கட்டிகளைப் பார்த்தாலொழிய அதை யாரும் சொல்ல முடியாது.

இதற்கான வேலை நம் ஊரிலேயே தொடங்கியிருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் மத்திய சர்க்காரின் விஞ்ஞான இலாகா உதவியோடு தேசியப் புற்றுநோய்த் தசை வங்கி என்று ஒன்று நடக்கிறது. மார்புப் புற்றுநோயுள்ள 480 இந்திய நோயாளிகளின் கட்டிகளைக் கொண்டு மரபு எழுத்தைப் படித்து, 2025-ல் அந்தக் கணக்கை ஆராய்ச்சிக்காரர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். இந்தத் தேசத்தின் ஜனத்தொகைக்கு 480 என்பது கடலில் ஒரு துளி. ஆனாலும் ஆரம்பம் ஆரம்பந்தான்.

ஒன்றை மறக்கக் கூடாது. கட்டி இருந்தால் மாத்திரம் போதாது. கெடாமல் இருக்க வேண்டும். வெட்டி எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பார்மலினில் போட வேண்டும். தசையைப்போல் பத்து மடங்கு பார்மலின் இருக்க வேண்டும். மார்புக் கட்டியானால் 6 மணிக்குக் குறையாமலும் 72 மணிக்கு மேற்படாமலும் ஊற வேண்டும் என்று கணக்கு. வெறும் உப்புத் தண்ணீரில் போட்டு, மறுநாள் யாரோ ஒரு ஆளிடம் கொடுத்தனுப்பினால், போய்ச் சேருவது அழுகின சதை. சாட்சி வழியிலேயே செத்துவிடும். அதேபோல், நோயாளி பிறகு என்னவானார் என்ற விவரம் இல்லாத பிளாக், பெயர் தெரியாத சாட்சி மாதிரிதான். ஆயிரம் இருந்தாலும் பிரயோஜனம் குறைவு.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே, நான் உங்களைக் கேட்டுக் கொள்ளுவது நான்கே காரியங்கள்.

முதலாவது, உடம்பிலிருந்து எந்தக் கட்டியை எடுத்தாலும், "இதைச் சோதனைக்கு அனுப்புகிறீர்களா? பார்மலினில் போட்டீர்களா?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. உங்கள் உடம்பைப் பற்றி நீங்கள் கேட்காமல் வேறு யார் கேட்பது?

இரண்டாவது, சோதனை ரிப்போர்ட்டையும் அதிலுள்ள பிளாக் நம்பரையும் நிலப் பத்திரத்தைப்போல் பத்திரப்படுத்துங்கள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் பிளாக்கைக் கேட்டு வாங்கிக் கொண்டு போகலாம். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நாளைக்குப் புது மருந்து வந்தால், அது உங்களுக்குப் பிடிக்குமா என்று அந்தப் பழைய பிளாக்கிலேயே பார்க்க முடியும். உங்களுக்கே முதல் லாபம்.

மூன்றாவது, சிகிச்சை முடிந்து சுகமாயிருக்கிறோமே என்று ஆஸ்பத்திரியை மறந்துவிடாமல், வரச்சொன்ன தவணைக்குப் போய் நிலைமையைச் சொல்லுங்கள். நீங்கள் சுகமாயிருப்பதும் ஒரு விடைதான்; அது எழுதப்பட்டால்தான் பிறருக்கு உதவும்.

நான்காவது, ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதமா என்று கேட்டால், விவரத்தைக் கேட்டுத் தெரிந்து கொண்டு, மனத்துக்குச் சரியென்று பட்டால் கொடுங்கள். மாட்டேன் என்று சொல்லவும் உங்களுக்குப் பூரண உரிமை உண்டு. சொன்னதற்காக உங்கள் சிகிச்சையைக் குறைக்க யாருக்கும் அதிகாரமில்லை. ஆனால், "உடம்பு பின்னமாகிவிடுமே, போகிற இடத்துக்குக் குறையோடு போக வேண்டுமே" என்று பயந்து மறுக்காதீர்கள். மாதம் ஒரு தரம் மயிரை வெட்டிப் போடுகிறோம்; வாரம் ஒரு தரம் நகத்தை வெட்டிப் போடுகிறோம்; அதனால் ஒருவரும் குறைந்து போய்விடவில்லை. உங்களைக் கொல்ல வந்த கட்டியில் மிச்சமானதைக் கொடுப்பதனால் மாத்திரம் என்ன குறைந்துவிடப் போகிறது?

தோழர்களே! நமக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு வீட்டையும் நிலத்தையும் வைத்துவிட்டுப் போக எல்லாராலும் முடியாது. ஆனால், தன்னை வருத்திய நோய் எப்படிப்பட்டது என்கிற உண்மையை வைத்துவிட்டுப் போக, கையில் காசில்லாத கூலிக்காரனாலும் முடியும். அதை அவன் தெரிந்து, சம்மதித்து, மானத்தோடு கொடுக்கும்படியும், வாங்குகிறவர்கள் அதை மரியாதையோடு காப்பாற்றும்படியும் செய்ய வேண்டியது நம் எல்லாருடைய பொறுப்பாகும்.